மாடத்தி மூன்றாம் முறை மூழ்கினாள்

மின்வாரியத்தில் முப்பது வருஷம் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்ற சிவனணைந்தான் ஒரு நாவல் எழுதினார். பதினொரு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒன்று மட்டும் பிரதியைத் திருப்பி அனுப்பியது. அது வேறு யாருடையதோ.

அதை மின்னூல் தளத்தில் ஏற்றக் கற்றுக்கொடுத்தவள் திருச்சியில் மெய்ப்புப் பார்க்கும் மெஹருன்னிசா. அவரைவிட இருபத்தாறு வயது இளையவள். ஆசிரியருக்கு இலக்கணம் வகுத்தவர்கள் வயது வரம்பு எதுவும் சொல்லாததால், அவர் அவளை 'குருவே' என்றே கூப்பிட்டார்.

மூன்றே வாரத்தில் பினாங்கில் படித்தார்கள், மஸ்கட்டில் படித்தார்கள். தளத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வாசகரின் போனிலும் மாறிவிடும்.

அன்று காலை ஒற்றைச் செருப்போடு அவளுடைய ஜன்னலில்லாத அறைக்குள் நுழைந்தார்.

“குருவே, மாடத்தியைச் சாகடிக்கவா, வேண்டாமா?”

மாடத்தி நாவலின் நாயகி. கடைசி அத்தியாயத்தில் கிணற்றில் விழுபவள்.

“முதல்ல எப்படி எழுதினீங்கண்ணே?”

“ஏறி வந்துட்டா. நம்புற மாதிரி இல்லேன்னு ஒருத்தர் போட்டார். முக்கிட்டேன். ஏன் கொன்னீங்கன்னு ஒரு அம்மா அழுதாங்க. தூக்கிட்டேன். மறுபடி ஒருத்தர் சிரிச்சார், முக்கினேன்; மறுபடி ஒருத்தர் அழுதார், தூக்கினேன்.”

“இப்போ?”

“மூணாவது தடவையா உள்ளே கிடக்கா. விடிஞ்சதும் இது வந்திருக்கு.” போனை நீட்டினார்.

“நீங்களே வாசிங்க. எழுத்துப் பொடியா இருந்தா காகிதத்துல எழுதிக்கிட்டு வாசிங்க.”

அவர் மெனக்கெட்டு எழுதிக்கொண்டு வாசித்தார். மஸ்கட்டிலிருந்து ஒரு நர்ஸ். “ஐயா, படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குத் தினம் ஒரு அத்தியாயம் வாசிக்கிறேன். மாடத்தி கடைசியில் ஏறி வந்துவிடுவாள் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். நான் படித்தபோது...”

டியூப்லைட் அணைந்தது. எரிந்தது.

“...ஏறித்தான் வந்தாள். இன்று பார்த்தால்...”

மறுபடி அணைந்தது. சுவிட்சில் மெஹருன்னிசாவின் விரல் இருந்தது.

“என்னம்மா விளையாட்டு? படிச்சுக்கிட்டிருக்கேன்ல!”

“வெளிச்சம் கூடுதலோன்னு ஒரு சந்தேகம்ணே. மாத்திப் பார்த்தேன்.”

“உள்ளே ஆள் இருக்கான்னு பார்க்காம லைன்ல கை வைக்கலாமா? முப்பது வருஷத்துல ஒரு நாள் நான்...”

நிறுத்திக்கொண்டார். விளக்கு எரிந்தது. காகிதத்தின் கடைசி வரியை மெல்ல வாசித்தார்.

“நாளைக்குக் கடைசி அத்தியாயம். அம்மாவிடம் என்ன சொல்ல?”

காகிதத்தை மடித்துக்கொண்டே கேட்டார். “நான் என்ன செய்யட்டும், குருவே?”

“முதல்ல அவளைக் கிணத்திலிருந்து ஏத்துங்க. அப்புறம் நீங்க கம்பத்திலிருந்து இறங்குங்க.”