தண்ணீரைத் தவிர எல்லாவற்றையும் எடுக்கும் பெட்டி

அநியாயம் நடந்தது யாழரசி வீட்டுத் தங்கமீன்களுக்கு. அநியாயம் செய்தவர் கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஜெயசீலன். தொட்டிக்கு மேலே உட்காரும் ஓவர்ஹெட் ஃபில்டர் ஒன்றை அவள் அப்பாவின் தலையில் கட்டியிருந்தார். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும். பெட்டியில் வடிந்து தண்ணீர் கீழே விழும். பெட்டிக்குள் வெறும் பஞ்சு. "கல்லு எதுக்கு சார், அதெல்லாம் பழைய காலம். வாரா வாரம் பஞ்சைக் குழாயடியில வெளுக்க வெளுக்கத் துவைங்க" என்றாராம். அப்பாவும் வேட்டி துவைப்பதுபோல் துவைத்தார். கல்லிலும் பஞ்சிலும் குடியிருந்து, அழுக்கைத் தின்று தண்ணீரைக் காப்பவை நல்ல நுண்ணுயிர்கள்; கல்லும் இல்லாமல், பஞ்சிலிருந்த அத்தனையும் சாக்கடைக்குப் போயின. ஆறு மீனில் நாலு செத்து மிதந்தன.

விலங்கியல் முதுகலை படிக்கிறவள் சும்மா இருப்பாளா? கல்லூரிப் பையைக்கூட இறக்காமல் கடையில் வந்து நின்றாள்.

"நம்ம பெட்டி மேலயா புகார்?" ஜெயசீலன் சிரித்தார். "பாப்பா, போன மழையில எங்க தெருவுல முழங்கால் அளவு சாக்கடை. மொட்டை மாடியில இதே பெட்டியை வெச்சு மோட்டாரைப் போட்டேன். அரை மணியில தெருவே மினரல் வாட்டர். ஜனம் கேனைத் தூக்கிட்டு வரிசையில நின்னுச்சு."

"நான் பாப்பா இல்ல. மேல சொல்லுங்க."

"என் மச்சான் கல்யாணத்துல சாம்பார்ல உப்பு கூடிப்போச்சு. அண்டா மேல பெட்டியை ஏத்தினேன். உப்பு ஒரு பக்கம், முருங்கைக்காய் ஒரு பக்கம்."

மீன் தீனி வாங்க வந்த மும்தாஜ் அக்கா திரும்பினாள். "பருப்பு என்ன ஆச்சு?"

"வேகாத பருப்பா திரும்பி வந்துச்சுக்கா. மறுநாள் வடைக்கு ஊறப்போட்டோம்."

யாழரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புளுகுவதிலும் ஒரு வெட்கம் வேண்டாமா? ஆனால் குறுக்கிடவில்லை. கயிறு நீளட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"அது சின்ன பெட்டி. பெருசு ஒண்ணைக் கடல்லயே வெச்சேன். மூணாம் நாள் வங்காள விரிகுடா இளநீர் மாதிரி இனிச்சுது. காசிமேட்டுல கருவாடு போட உப்பில்ல. சுறாவெல்லாம் கரைக்கு வந்து, வாய்க்கு ருசியா இல்ல, அணைச்சுடுங்கன்னு கெஞ்சுச்சு."

"தொட்டின்னா விளிம்பு இருக்கும். கடல்ல எதுமேல உட்கார வெச்சீங்க?"

"ஒரு முனை ராயபுரம், ஒரு முனை அந்தமான்." கண்கூட இமைக்கவில்லை மனிதர்.

மும்தாஜ் அக்கா தீனிப் பொட்டலத்தால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யாழரசி அவர் முதுகுக்குப் பின்னால் கை நீட்டினாள். அங்கே கடையின் பெரிய தொட்டி. மேலே ஓடும் பெட்டி நிறைய, பாசி படிந்த கல். "அப்ப உங்க சொந்தத் தொட்டியில மட்டும் ஏன் கல்லு?"

ஜெயசீலன் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். ஒரே நொடிதான்.

"நான் விக்கிற பெட்டியை இங்க வைக்க முடியாதும்மா. அவ்ளோ வேகம். தண்ணிக்குள்ள தண்ணியைத் தவிர எது இருந்தாலும் எடுத்துடும்."

"எடுத்துடுச்சுண்ணா," என்றாள் யாழரசி. "நாலு மீனை எடுத்துடுச்சு. மிச்சம் ரெண்டும் வாளியில மூச்சுக்குத் தவிக்குது. அந்தக் கல்லுப் பெட்டியை, கழுவாம, அப்படியே கழட்டிக் குடுங்க."