கூப்பிடு தூரத்துக்கு ஒரு யானை

மூங்கில் காட்டில் சடையப்பன் என்றொரு கீரி இருந்தது. அதற்குப் பொட்டு என்று ஒரே பிள்ளை. குட்டைக்கரை ஆலமரத்தடியில் அணில் வாத்தியார் காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுத்தார். சடையப்பன் வளையிலிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும். அவ்வளவுதான் தூரம்.

ஒருநாள் காட்டுப்பன்றி ஒன்று பொட்டுவை உரசிக்கொண்டு ஓடியது. பயந்துபோன சடையப்பன் மறுநாளே, பிள்ளையோடு ஏறிப் பாடத்துக்குப் போய்வர ஒரு யானையை அமர்த்தியது. வழியெல்லாம் தின்னத் தழையும், குட்டையில் குடிக்கத் தண்ணீரும் இருந்தால் போதும் என்றது யானை.

"இந்தா இருக்கிற இடத்துக்கு யானையா அண்ணே?" என்று கேட்டது பக்கத்து வளை முயல் பூவாத்தா.

"பிள்ளையோட பாதுகாப்பு முக்கியம் இல்லையா?" என்றது சடையப்பன், யானை மேலிருந்து. அங்கிருந்து பார்த்தால் தூரத்து மலையெல்லாம் தெரிந்தது. கீழே நின்ற பூவாத்தா மட்டும் தெரியவில்லை.

ஏறி இறங்கவே பாதிப் பொழுது போனது. நடந்துபோன குட்டிகள் பாடத்தைப் பாதி முடித்த பிறகுதான் பொட்டு போய்ச் சேரும். யானை திரும்ப இடம் வேண்டுமே! குட்டிகள் விளையாடிய புல்தரை அதற்குப் போனது. நிழல் தந்த மூங்கில் புதர்கள் ஒவ்வொன்றாக மொட்டையாயின. சடையப்பனுக்கோ தான் வளர்ந்துவிட்டதாக ஒரு நினைப்பு. தரையில் நடக்கும்போதுகூட மரக்கிளைக்குக் குனிந்து நடந்தது.

யானைக்காலுக்கு நடுவே குட்டிகளை நடக்கவிடப் பூவாத்தாவுக்குப் பயம். அது ஒரு காட்டெருமையை அமர்த்தியது. அதைப் பார்த்து முள்ளம்பன்றியும் ஓர் எருமையைப் பிடித்துக்கொண்டது. இப்படியே பாதை குண்டும் குழியுமானது. குட்டை சேறானது. புல் தீர்ந்ததும் எருமைகள் வேறு காட்டுக்குப் போய்விட, பூவாத்தா பழையபடி நடந்தது.

ஒருநாள் குட்டையில் குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. வாத்தியார் பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார். யானை வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பொட்டு, அப்பாவுக்கென்று ஒரு நாவல்பழத்தை எடுத்துக்கொண்டு எதிரே ஓடிவந்தது.

வழியில் தழை தீர்ந்துபோனதால், யானை எங்கோ ஒடித்த கிளைகளைத் தும்பிக்கையில் சுமந்து வந்தது. அந்தக் கட்டு அதன் கண்ணை மறைத்தது. மேலே இருந்த சடையப்பன் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா!" என்று கத்தியது பொட்டு. அந்தக் குரல் யானையின் முழங்காலைத் தாண்டவில்லை.

அந்தப் பக்கமாக வந்த பூவாத்தா ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, பொட்டுவைப் பிடரியில் கவ்வி இழுத்துப் போட்டது. அது நின்ற இடத்தில் யானைக்கால் விழுந்தது. குட்டி வீறிட்டதும் யானை பதறி நின்றது.

சடையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "யார் பெத்த பிள்ளை அது? இப்படியா வழியில விடுறது?"

"நீங்க பெத்ததுதான் அண்ணே. இறங்கி வந்து பாருங்க" என்றது பூவாத்தா.

சடையப்பன் விழுந்தடித்துக்கொண்டு இறங்கியது. பொட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யானையின் கால்தடம். அதற்குள் நாவல்பழம் கூழாகிக் கிடந்தது. சடையப்பன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதது. அழுது முடித்ததும் பூவாத்தாவைக் கும்பிட்டது.

"நானும் என் காட்டுக்கே போறேன். எனக்கும் இங்கே வயிறு நிறையலை" என்றது யானை.

மறுநாள் அப்பாவும் பிள்ளையும் நடந்தே போனார்கள். போய்ச் சேர்ந்தபோது வாத்தியார் இன்னும் வந்திருக்கவில்லை.

தன் பிள்ளையின் பாதுகாப்புக்காக ஊர்ப் பிள்ளைகளின் வழியைப் பறிக்கிறவன், அந்த ஊர்ப் பிள்ளைகளில் தன் பிள்ளையும் ஒன்று என்பதை மறந்துவிடுகிறான்.