கயித்தானின் ஞானப்பிள்ளை

ஒரு கணக்குச் சொல்கிறேன், கேளுங்கள். சிலேட்டும் பல்பமும் வேண்டாம். மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய யுத்தம் நடந்த காலம். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணி ஓட்டும் சவேரியார் தண்டலுக்கு மூத்தது பிலோமி, இளையவன் கயித்தான். இருபத்தொரு வயசுக் கயித்தானுக்குக் குண்டு போடும் விமானத்தில் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர் வேலை. லீவில் வந்தவன், "கண்ணைக் கட்டினாலும் வழி தப்பாது" என்று பீற்றிக்கொண்டு, துண்டால் கண்ணைக் கட்டி, காலடியை எண்ணி எண்ணி வாசலிலிருந்து அடுப்படிக்கு நடந்தான். நேரே போய் மாவுப் பானைக்குள் காலை விட்டான்.

"இவன் சொல்லித்தான் விமானம் பர்மாவுக்குப் போகுதா? மதுரைக்குல்லா போயிருக்கும்!" என்று சிரித்த தண்டலுக்கு வெற்றிலை புரையேறிவிட்டது.

"பானையை இடம் மாத்தி வச்சது அக்காதான்! யக்கா, இதுக்கு அபராதம் உண்டு. வயித்துல இருக்க பிள்ளைக்கு ஞானஸ்நானத்துல நான்தான் ஞானத்தகப்பன். வேற எவனாவது கோயில்ல நின்னான், கடல்ல தூக்கிப் போட்ருவேன்."

"சரிலே, சத்தியம்," என்றாள் பிலோமி.

போன இடத்திலிருந்து கடிதமும் போட்டான்: 'லீவு கிடைக்காவிட்டால் என் பேரில் யாரையாவது நிறுத்துங்கள்.' கீழே கையெழுத்து. அதற்குப் பின்னாலேயே தந்தி வந்தது. செத்தான் என்று அதில் இல்லை. விமானத்தோடு காணவில்லை என்றிருந்தது.

இரண்டு மாசம் கழித்து பிலோமிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் ஞானஸ்நானம் கொடுக்கிற வீட்டில் முப்பது நாள் சண்டையிலேயே போயிற்று.

"என் பிள்ளை காட்டுல இறங்கி நடந்து வாறான். ஞானத்தகப்பன்னு அவன் பேரைத்தான் எழுதணும்," என்றாள் தாய் ரெஜினா.

"மூணு மாசமாவா நடக்கான்? விமானத்துல பெட்ரோல் ஆறு மணி நேரத்துக்குத்தான். அவன் இல்ல ரெஜினா. இல்லாதவனுக்குப் பதிலாள் எதுக்கு? பேரனுக்குக் கையைப் பிடிச்சு நடத்த உயிரோட ஒரு ஆள் வேணும்," என்றார் தண்டல்.

பிலோமியின் புருஷன் கொழும்பில். முடிவு அவள் தலையில் விழுந்தது. வேறு பேரைச் சொன்னால் தம்பியைத் தன் வாயாலேயே சாகடித்த மாதிரி. தம்பி பேரைச் சொல்லி, அது பொய்யாகிவிட்டால்? கடிதத்தை எடுத்துக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனாள்.

"காகிதம் செல்லும். யார் நிப்பா?" என்று கேட்டார் அவர்.

சொந்தத்தில் ஒருத்தரும் வரவில்லை. செத்தவனுக்குப் பதிலாக நின்றால் அவன் பின்னாலேயே போகவேண்டும் என்று பயம். பிலோமி தகப்பனிடம் வந்தாள்.

"நீங்க நில்லுங்கப்பா."

"நம்பாத ஆளைப் போய் நிக்கச் சொல்லுதியே?"

"நம்பச் சொல்லல. நிக்கத்தான் சொல்லுதேன்."

நாற்பதாம் நாள் கோயிலில் கூட்டம். ஞானஸ்நான முறைப்படி நாக்கில் சாமியார் உப்பு வைத்தால் எந்தப் பிள்ளையும் வீறிடும். இது சப்புக்கொட்டியது. "உப்பளத்து ஊருப் பிள்ளைக்கு உப்பு புதுசா?" என்று யாரோ சொல்ல, சாமியாரே சிரித்துவிட்டார்.

"பசாசை விட்டுவிடுகிறாயா?" என்று சாமியார் பிள்ளையைக் கேட்டார். பிள்ளைக்காகப் பதில் சொல்லவேண்டியது ஞானத்தகப்பன்.

தண்டல் தொண்டையைச் செருமினார். தோணிக்குத் தோணி கூப்பிடுகிற குரலில், "கயித்தான் பேரால், விட்டுவிடுகிறேன்!" என்றார். விட்டத்துப் புறாக்கள் பறந்தன. ரெஜினா வந்தவர்களுக்கெல்லாம் கைநிறைய முந்திரி மக்ரூன் இனிப்புக் கொடுத்தாள்.

நாலு மாசம் கழித்து வந்த காகிதத்தில், விமானம் காணாமல் போன அன்றே மலையில் விழுந்துவிட்டது என்றிருந்தது. ஞானஸ்நானத்தன்று கயித்தான் உயிரோடு இல்லை.

இப்போது சொல்லுங்கள். தாய் மகனை நம்பினாள். அக்கா வாக்கைக் காத்தாள். தகப்பன், நம்பாமலே மகன் பேரால் பதில் சொன்னார். மூவரில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா நம்பியதைத்தான் சொன்னாள், அது பொய்யில் சேராது. பிலோமியும் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் பதிலாளின் வேலை கோயில் வாசலோடு முடிந்துவிடும் என்பது முறை. காகிதம் வந்ததும் தண்டல் கையைக் கழுவியிருக்கலாம். அவரோ வருஷாவருஷம் ஈஸ்டருக்கு ஞானத்தகப்பன் எடுக்கவேண்டிய புதுச் சட்டையை எடுத்து வந்தார். தகப்பன் செய்ததுதான் சரி. ஈஸ்டரன்று ஒரு நாள் மட்டும் பேரன் அவரை "ஞானத்தப்பா!" என்று கூப்பிடுவான். "என்ன மருமவனே?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவார் தண்டல்.