நரிக்கு அளவான தோட்டா

கோணலூத்துக்காரர்களுக்கு மூளைக்குப் பஞ்சமே இல்லை. யாரும் செலவழிக்காததால் வைத்தது வைத்தபடி இருந்தது. அந்த ஊரில் ஒச்சப்பனின் ஆடுகளை ஒரு குள்ளநரி ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்துவிட்டது. மிச்சம் ஒரே ஒரு செவலை ஆடு. தான் சாப்பிட்டானோ இல்லையோ, அதற்குக் கஞ்சி ஊற்றாமல் ஒச்சப்பன் படுக்க மாட்டான். அதுவும் போய்விட்டால் அவனுக்கென்று எதுவுமில்லை.

நாட்டாமை வெள்ளப்பனிடம் ரைபிள் இருந்தது, தோட்டாதான் இல்லை. அவரும் ஒச்சப்பனும் அவன் மச்சான் சுருளியும் டவுனில் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள்.

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். "பன்னிக்குக் கனமான தோட்டா, முயலுக்கு லேசானது. நரிக்கு ரெண்டுக்கும் நடுவுல. அது என்ன எடை இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க. தப்பான தோட்டாவைப் போட்டுக் காரியத்தைக் கெடுத்துராதீங்க."

பெரிய மனுஷர் சொல்லை மீற முடியுமா? மூவரும் குழி வெட்டி, கருவாடு போட்டு, நரியைப் பிடித்துச் சாக்கில் கட்டிக் கடைக்கே தூக்கிப் போனார்கள். வழியில் அது சுருளியின் முதுகைக் கடித்தது. "எடை பாக்கத்தானே போறோம், கொஞ்சம் பொறு," என்று அவன் சமாதானம் சொன்னான்.

தராசு எட்டுக் கிலோ காட்டியது. கடைக்காரர் தலையில் கைவைத்தார். "கையிலேயே வச்சிருக்கீங்களே, இனி எதுக்குய்யா தோட்டா?"

நாட்டாமைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இங்கயே சுட்டா சாக்கு ஓட்டையாயிருமே. இது இரவல் சாக்கு."

"இப்ப நம்மள நம்பி வந்திருக்கு," என்றான் சுருளி. "ஆடு திருட வரும்போது சுடுறதுதான் முறை."

கடைக்காரர் எட்டுக் கிலோ நரிக்கு இதுதான் கச்சிதம் என்று ஒரு தோட்டாவைக் கொடுத்துக் கடையைச் சாத்தினார்.

ஊருக்கு வந்து நரியை அவிழ்த்துவிடும் முன் எதற்கும் இருக்கட்டுமென்று நிறுத்தார்கள். ஏழு கிலோதான் இருந்தது. பட்டினியில் இளைத்துவிட்டது.

"இப்ப விட்டா தோட்டா சேராதே," என்றான் சுருளி.

"தோட்டாவைக் குறைக்க முடியாது. நரியைத்தான் தேத்தணும்," என்று நாட்டாமை தீர்ப்புச் சொன்னார்.

கஞ்சி ஊற்றினார்கள். நரி முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கருவாடும் தீர்ந்துவிட்டது. அதற்கு வேறென்ன பிடிக்கும் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். ஒச்சப்பனுக்கு விடை தெரியும், ஆனால் சொல்ல வாய் வரவில்லை.

நாட்டாமை அவன் தோளைத் தட்டினார். "ஆடு பிழைக்கணும்னா வேற வழி இல்லப்பா."

ஒச்சப்பன் விம்மிக்கொண்டே செவலையை ஓட்டி வந்தான்.

நரி தின்று முடித்ததும் நிறுத்தார்கள். எட்டுக் கிலோ சரியாக இருந்தது. அவிழ்த்துவிட்டதும் அது திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் ஓடியது. நாட்டாமை ரைபிளில் தோட்டாவைப் போட்டு ஒச்சப்பன் கையில் கொடுத்தார்.

ஒச்சப்பன் காலிக் கொட்டிலுக்கு முன்னால் காவல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இனிமே வரட்டும். என் செவலையை அது எப்படித் தொடுதுன்னு பாத்துர்றேன்."