தும்பையிடம் யாரும் கேட்கவில்லை

காட்டாறு ஒன்றின் வளைவில் ஆழமான மடு இருந்தது. அந்த மடுவில் ஒரு நீர்நாய்க் குடும்பம் மீன் பிடித்துப் பிழைத்து வந்தது. பெரியவர்கள் ஆறு பேர், குட்டிகள் மூன்று. குடும்பத்துக்குத் தலைவி நல்லாள். அவளுடைய மூத்த மகன் மருதன். இளைய மகள் தும்பை.

இந்த நீர்நாய்கள் தனித்தனியாக மீன் பிடிப்பதில்லை. ஆறு பேரும் மடுவின் குறுக்கே பிறைபோல வரிசை கட்டி நிற்பார்கள். பிறகு கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு, வாலால் தண்ணீரைப் படார் படாரென்று அடித்துக்கொண்டு முன்னேறுவார்கள். மீன்கள் மிரண்டு, ஆழமில்லாத கரைப்பக்கம் ஓடும். அங்கே வைத்துப் பிடித்துவிடலாம். வரிசையில் ஓட்டை விழாதவரை கவலை இல்லை.

ஆனால் ஓட்டை விழுந்தது. தினமும் விழுந்தது. தும்பை நின்ற இடத்தில்தான் விழுந்தது.

முதல் கத்தலைத் தும்பை தாங்கிக்கொள்வாள். இரண்டாவதையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வாள். கத்தல் கூடக் கூட அவளுக்குக் கண் இருட்டும், உடம்பெல்லாம் உதறும். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நீருக்குள் மூழ்கி ஓடிவிடுவாள். அவள் விட்ட இடைவெளியில் கெண்டைகள் பளிச் பளிச்சென்று நழுவி ஆழத்துக்குப் போய்விடும்.

ஓடிய தும்பை கரையில் ஒரு வட்டப் பாறையைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். பத்துச் சுற்று, இருபது சுற்று. விரலிடுக்கில் ஈரமணல் ஒட்டினால் நின்று துடைப்பாள். மறுபடியும் சுற்றுவாள். அப்போதுதான் அவளுக்கு மூச்சு சீராகும்.

"ஒரு இடத்தில் நிலையாக நிற்கிறாளா பார்!" என்பாள் சித்தி குவளை. "வேலை என்றால் ஓட்டம், வேலை முடிந்தால் பாறையைச் சுற்றி ஊர்வலம்!"

அந்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. ஆறு வற்றி மடு சுருங்கியது. மீனும் குறைந்தது. ஒரு நாள் காலை முழுக்க வரிசை கட்டியும் இரண்டு கெளுத்திதான் கிடைத்தன. குட்டிகள் மூன்றும் வயிறு ஒட்டிப்போய் அழுதன.

"நாங்கள் எல்லாரும் கத்தவில்லையா? எங்களுக்கெல்லாம் காது இல்லையா? உனக்கு மட்டும் என்னடி வந்தது?" என்று கேட்டாள் நல்லாள்.

குட்டிகளின் அழுகை வேறு தும்பையின் காதைத் துளைத்துக்கொண்டிருந்தது.

கரையோரப் பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மடுவில் மீன் குறைந்ததில் அதற்கும் பசி. ஆனால் அதன் மூளை பசியைவிட வேகமாக ஓடியது.

"நல்லாளம்மா!" என்று கூப்பிட்டது. "பெண்ணைத் திட்டாதீர்கள். இது வியாதி! நான் பல ஆறுகளில் பார்த்திருக்கிறேன். இதற்கு மருந்தும் எனக்குத் தெரியும்!"

"நீங்கள் வைத்தியரா?" என்று ஆச்சரியப்பட்டாள் நல்லாள்.

"வேறு யார்? இவளுக்குச் சத்தம் என்றால் பயம். பயத்துக்கு மருந்து பழக்கம்! இதுவரை இவளை எங்கே நிறுத்தினீர்கள்?"

"வரிசையின் ஓரத்தில்."

"அடடா, அங்கேதான் தப்பு! நட்டநடுவில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் சத்தம் விழட்டும். அந்தப் பாறையையும் சுற்ற விடாதீர்கள். ஏழே நாள்! எட்டாம் நாள் உங்கள் எல்லாரையும்விட இவள்தான் உரக்கக் கத்துவாள்!"

மருதன் குறுக்கிட்டான். "ஓரத்தில் நிற்கும்போதே ஓட்டை விழுகிறது. நடுவில் நின்றால் மொத்த மீனும் போய்விடாதா?"

"தம்பி, வைத்தியன் நீயா, நானா?"



"உங்களுக்கு நாங்கள் என்ன தரவேண்டும்?" என்று கேட்டாள் நல்லாள்.

"ஐயோ, எனக்கு ஒன்றும் வேண்டாம்! வரிசைக்குப் பின்னால் நீந்திக்கொண்டு, மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அது போதும் எனக்கு!"

இத்தனை பேச்சும் தும்பையை வைத்துக்கொண்டேதான் நடந்தது. அவளைப் பற்றித்தான் பேசினார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் வைத்தியம் தொடங்கியது.

தும்பையை நட்டநடுவில் நிறுத்தினார்கள். அவளும் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் நின்றாள். குட்டிகள் சாப்பிட வேண்டுமே! வலப்பக்கம் மருதன் கத்தினான். இடப்பக்கம் சித்தி குவளை வாலை ஓங்கி அடித்தாள். தண்ணீர் தும்பையின் முகத்தில் தெறித்தது. அவள் தன் முன்னங்காலைத் தானே கடித்துக்கொண்டாள். எட்டுக் கத்தல் வரை தாங்கினாள். ஒன்பதாவதில் மூழ்கிவிட்டாள். வரிசை நடுவில் பிளந்தது. மீன்கள் கூட்டமாகப் பின்பக்கம் பாய்ந்தன.

பின்பக்கம் நீர்க்காகம் நீந்திக்கொண்டிருந்தது. இரண்டு முறை முங்கியது. இரண்டு முறை விழுங்கியது.

"முதல் நாள் அப்படித்தான் இருக்கும்!" என்றது. "விடாதீர்கள்!"

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், "மருந்து போதவில்லை. அவள் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துங்கள்" என்றது. கத்தினார்கள். வரிசை கலைந்ததும் வட்டப் பாறையின் மேல் ஒரு மாமனை ஏறி உட்கார வைத்து, தும்பை சுற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். நடக்க இடமில்லாமல் அவள் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடினாள். தூக்கம் போயிற்று. மீனைக் கண்டாலே குமட்டியது.

நான்காம் நாள் தும்பை வாயே திறக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. வரிசையில் நின்றாள், வெறும் கட்டைபோல மிதந்தாள். கண் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா!" என்று கொக்கரித்தது நீர்க்காகம். "அடங்கிவிட்டாள்! மருந்து பிடித்துவிட்டது!"

நல்லாளுக்கு நிம்மதியாக இருந்தது. பெண் குணமாகி வருகிறாள் என்றே அந்தத் தாய் நம்பினாள்.

ஐந்தாம் நாள் காலை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அந்த நொடியில் தும்பைக்குள் ஏதோ அறுந்தது. அவள் மூழ்கவில்லை. நேராகக் கரையை நோக்கிப் பாய்ந்தாள். எதிரே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கரையோரத்தில் நின்ற கடைசிக் குட்டிமேல் மோதினாள். குட்டி உருண்டு, மடுவின் வாய்க்குப் போய், பாறை இடுக்கில் பாயும் நீரில் விழுந்தது!

"குட்டி! குட்டி!"

மருதன் பாய்ந்து அதன் பிடரியைக் கவ்வி இழுத்தான். குட்டி தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுதது. உயிர் பிழைத்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தால் குட்டியைக் கொன்றிருப்பாளே!" என்று கதறினாள் சித்தி.

தும்பை காதில் அது விழுந்தது. அவள் நிற்கவில்லை. ஆற்றோடு கீழ்நோக்கி ஓடிவிட்டாள்.

மருதன் கோபத்தோடு அவளைத் தேடிப் போனான். வெகுதூரத்தில், ஒரு நாணல் புதருக்குள் அவளைக் கண்டான். அங்கே பாறை இல்லை. ஒரு நாணல் கொத்தைச் சுற்றி ஓயாமல் நடந்துகொண்டிருந்தாள். நடந்து நடந்து தரையில் தடம் விழுந்திருந்தது.

"தும்பை!" என்று உறுமினான்.

அவள் சுருண்டு விழுந்து இரண்டு முன்னங்காலாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அடி விழுந்ததுபோல உடம்பு துடித்தது.

மருதன் திகைத்துப்போனான். அவன் அவளைத் தொடக்கூட இல்லையே! வாயை மூடிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தான். தும்பை எழுந்தாள். மறுபடியும் சுற்றினாள். அவன் தடுக்கவில்லை. நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்தபிறகு, அவள் நடை மெதுவாயிற்று.

மருதன் தாழ்ந்த குரலில் கேட்டான். "என்ன செய்கிறது உனக்கு?"

தும்பை அவனை வெறித்துப் பார்த்தாள். இந்தக் கேள்வி அவளுக்குப் புதிது.

"நீங்கள் கத்தும்போது காதுக்குள் முள் ஏறுகிறது, அண்ணா. கருவேல முள். தண்ணீர் தெறித்தால் முகம் எரிகிறது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு எது கரை, எது தண்ணீர் என்று தெரிவதில்லை."

"அப்படியா! எங்களுக்கு அப்படி இல்லையே!"

தும்பை நடப்பதையே நிறுத்திவிட்டாள்.

"உங்களுக்கு வலிக்காதா?"

"இல்லை."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்லை, தும்பை. அது வெறும் சத்தம்."

"எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும் என்று நினைத்தேன்" என்றாள் தும்பை. "நீங்கள் எல்லாரும் தாங்கிக்கொள்கிறீர்கள், எனக்குத்தான் தாங்கத் தெம்பில்லை என்று நினைத்தேன்."

மூன்று நாளாக அவள் காதருகே போய்க் கத்தியவன் மருதன்தான்.

இருவரும் மடுவுக்குத் திரும்பினார்கள். நல்லாள் கரையில் நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தாள். மருதன் எல்லாவற்றையும் சொன்னான். நல்லாள் மகளை அணைக்கப் போனாள். பிறகு ஏனோ தயங்கி, ஓரடி தள்ளியே நின்றாள்.

பட்டமரத்திலிருந்து நீர்க்காகம் பதறிக் கீழே இறங்கியது. ஏழு நாள் விருந்து ஐந்தாம் நாளே முடிந்துவிடுமே! "ம்ம்! ம்ம்ம்!" என்று தலையை ஆட்டியது.

"என்ன வைத்தியரே, வாயைத் திறந்து பேசுங்கள்!" என்றான் மருதன்.

"மருந்தைப் பாதியில் விட்டால்..." என்று வாயைத் திறந்ததும் ஒரு கொழுத்த கெண்டை தொண்டையிலிருந்து வழுக்கி, நல்லாளின் காலடியில் விழுந்து துள்ளியது!

நீர்நாய்கள் கெண்டையைப் பார்த்தன. உப்பிப்போயிருந்த நீர்க்காகத்தின் வயிற்றைப் பார்த்தன. வரிசைக்குப் பின்னால் அது ஐந்து நாளும் என்ன பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

"எங்கள் குட்டிகளின் வாய்ச்சோற்றைத் தின்றுகொண்டா எங்களுக்கு வைத்தியம் பார்த்தாய்!" என்று சீறினாள் சித்தி.

நீர்க்காகம் பறக்கப் பார்த்தது. வயிற்றுப் பாரம் விடவில்லை. தண்ணீரைத் தட்டுத்தடுமாறித் தாண்டி, உயிர் தப்பினால் போதுமென்று ஓடியது.

நல்லாள் மகளைப் பார்த்தாள். "நீ எங்கே நின்றால் உனக்குத் தோதுப்படும், தும்பை?"

தும்பை சொன்னாள். "கரையோரம் மரம் ஒன்று விழுந்து கிடக்கிறதே, அதற்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. விரட்டுகிற மீனில் பாதி அந்தச் சந்து வழியாகத்தான் நழுவுகிறது. நான் அங்கே நிற்கிறேன். மரம் சத்தத்தைத் தடுக்கும்."

மறுநாள் அப்படியே நின்றாள். ஆனால் சித்தி குவளை பழக்க தோஷத்தில் மரம்வரை வந்து வாலை ஓங்கி அடித்துவிட்டாள். தும்பை துடித்துப்போய் வெளியே ஓடினாள். அன்றும் மீன் இல்லை. குட்டிகள் அழுதன. 'இதுவும் வீண்தானோ?' என்று நல்லாளுக்கே தோன்றியது.

சற்று நேரத்தில் தும்பை தானாகத் திரும்பி வந்தாள். உடம்பு இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

"சித்தி, மரத்துக்குப் பத்தடி இருக்கும்போதே வாலை நிறுத்திக்கொள்ளுங்கள்."

"முன்னாடியே சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே!" என்றாள் சித்தி. சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சரி, நாங்களும் கேட்கவில்லை."

அடுத்த நாள் ஐந்து பேர் நெருக்கமாக வரிசை கட்டினார்கள். பத்தடியில் வால்கள் நின்றன. மிரண்ட மீன்கள் சந்துக்குள் பாய்ந்தன. அங்கே தும்பை முதுகைப் பாறையில் அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். ஒன்று, இரண்டு, நான்கு! மலைபோலக் குவிந்துவிடவில்லை. ஆனால் மூன்று குட்டிகளும் வயிறு நிறையத் தின்றுவிட்டு அசந்து தூங்கின.

மழைக்காலம் வந்தது. மடு நிறைந்தது. தும்பையின் காது அதே காதுதான். தவளைகள் கூச்சலிடும் நாளில் அவள் மடுப்பக்கமே வரமாட்டாள். அன்றைக்கு அவள் பங்கு மீனை மருதன் நாணல் புதரருகே வைத்துவிட்டு, பேசாமல் திரும்பிவிடுவான்.

ஒரு நாள் மேல்மடுவிலிருந்து ஒரு நீர்நாய்க் கிழவர் வந்தார். தனியே நின்ற தும்பையை ஓரக்கண்ணால் பார்த்தார். நல்லாளிடம் குனிந்து, "அந்தப் பெண்ணுக்கு என்ன? எங்கள் பக்கம் இதற்கு நல்ல மருந்து இருக்கிறது!" என்று கிசுகிசுத்தார்.

"அவள் அங்கேதானே நிற்கிறாள்!" என்றாள் நல்லாள். "அவளையே கேளுங்கள். ஆனால் மெதுவாகக் கேளுங்கள்!"

வலிப்பவரைக் கேட்காமல் செய்யும் வைத்தியம் வலியைவிடக் கொடியது.