ராஜா சாப்பிட்ட பிறகுதான்

ஒரு காட்டுக்கு ராஜாவாக இருந்த சிங்கத்தை, அந்தக் காட்டு விலங்குகளே ஒரு நாள் காலையில் கட்டுமரத்தில் ஏற்றிக் கடலில் தள்ளிவிட்டன.

ஏன் தெரியுமா, குழந்தைகளே? பெருமுழக்கன் என்ற அந்தச் சிங்கம் ஒரு சட்டம் போட்டிருந்தான். ராஜா குடித்த பிறகுதான் மற்றவர்கள் குடிக்கலாம். ராஜா சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். கோடையில் குளம் சுருங்கிக் குட்டையாகிவிட்டது. அப்போதும் அவன் சட்டத்தை விடவில்லை. வயிறு முட்டக் குடித்தான். பிறகு அதிலேயே இறங்கிக் குளித்தான். அவன் கரையேறியபோது மற்றவர்களுக்குச் சேறுதான் மிஞ்சியது.

யானைக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் கட்டுமரம் தயார்.

சிங்கத்தோடு கூடப் போனவன் ஒருவன்தான், நாவினியன் என்ற நரி. அரசவையில் ராஜாவின் பட்டப்பெயர்களைக் கூவிச் சொல்வது அவன் வேலை. வேறு வேலை எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆனால் அதை அவன் சொல்லவில்லை. "விசுவாசம், மகாராஜா, விசுவாசம்!" என்று சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்தான்.

கட்டுமரம் நெடுந்தூரம் மிதந்து, ஒரு குட்டித் தீவில் ஒதுங்கியது. அங்கே பாறைகள் அதிகம், மரங்கள் கொஞ்சம். துள்ளி என்ற நீர்நாயும் அவளுடைய மூன்று குட்டிகளும், ஒரு கொக்கும், சில கடற்பறவைகளும் அங்கே வாழ்ந்தன. தீவைச் சுற்றி முரட்டு அலைகள். இறங்கி மீன் பிடிக்க முடியாது. ஆனால் கடல் உள்வாங்கும்போது பாறைக் குழிகளில் மீன்கள் தங்கிவிடும். கடல் திரும்புவதற்குள் ஓடிப் போய்த் தின்றுவிட வேண்டும். அதுவும் தினமும் ஒரே நேரத்தில் நடக்காது. இன்றைக்கு விடியும்போது உள்வாங்கினால், நாளைக்கு விடிந்து கொஞ்சம் கழித்துத்தான்.

வந்த அன்றே சிங்கம் ஒரு பாறைமேல் ஏறி நின்றான்.

"இந்தத் தீவிலும் என் சட்டம் உண்டு. ராஜா சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம்!"

"எந்த ராஜா?" என்று கேட்டாள் துள்ளி.

"நான்தான்."

"உங்களைத்தான் கட்டுமரத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாமே?"

சிங்கம் உறுமினான். துள்ளியின் குட்டிகள் அம்மாவின் வாலுக்குப் பின்னால் ஒளிந்தன.

கொக்கு மிகவும் நாசூக்கானவர். துள்ளியை ஓரமாக அழைத்துப் போனார். "விட்டுவிடு துள்ளி. பாவம், வீடு வாசலை இழந்து வந்திருக்கிறார். விருந்தாளி ஆசைப்பட்டு ஒன்று கேட்டால் முடியாது என்றா சொல்வது?"

"கடலும் உங்களைப்போல் நாசூக்காக இருந்தால் சரி, கொக்கண்ணே" என்றாள் துள்ளி.

மறுநாள் கடல் உள்வாங்கியது. குழிகளில் மீன்கள் துள்ளின. எல்லோரும் கரையில் வரிசையாகக் காத்து நின்றார்கள். சிங்கம் மெதுவாக எழுந்தான். மெதுவாகப் பிடரியைக் கோதினான். நாவினியன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் நடந்தான்.

"காட்டுக்கெல்லாம் காவலர்! களிறுகளைக் கலங்கடித்தவர்! இடியைத் தோற்கடித்த குரலர்! எட்டுத் திசையும்..."

எட்டுத் திசையையும் சொல்லி முடிப்பதற்குள் கடல் திரும்பி வந்து குழிகளை மூடிவிட்டது.

"மீன் எங்கே?" என்றான் சிங்கம்.

"நரி வடமேற்குத் திசைக்கு வந்தபோதே போய்விட்டது" என்றாள் துள்ளி.

அன்று யாருக்கும் சாப்பாடு இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். சிங்கத்தின் விலா எலும்புகள் வெளியே தெரியத் தொடங்கின. துள்ளியின் கடைக்குட்டியால் எழுந்து நிற்கக்கூட முடியவில்லை.

"கொஞ்சம் வேகமாக நடந்தால் என்ன, ராஜா?" என்று கேட்டாள் துள்ளி.

"ராஜா ஓடக் கூடாது."

"சரி, நாங்களாவது முதலில் சாப்பிடுகிறோமே?"

"கூடாது. காடு போய்விட்டது, மகுடம் போய்விட்டது. இந்த ஒரு வழக்கம்தான் என்னிடம் மிச்சம். இதையும் விட்டுவிட்டால் நான் யார்?"

 துள்ளி நாவினியனைப் பார்த்தாள். தீவில் எல்லோரும் இளைத்துக்கொண்டிருக்க, நரியின் வயிறு மட்டும் பானைபோல் உருண்டிருந்தது.

அடுத்த நாள் பசி தாங்காமல் சிங்கம் சீக்கிரமே விழித்துவிட்டான். பக்கத்தில் நாவினியனைக் காணவில்லை. பட்டம் கூவ ஆளில்லாமல் தனியாகவே கரைக்கு நடந்தான்.

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. ஒரு குழிக்குள் தலையை விட்டபடி யாரோ சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது.

"நாவினியா!"

நரி நிமிர்ந்தான். மீசையில் செதில்கள் மின்னின.

"மகாராஜா! சு... சுவை பார்க்கிறேன். நீங்கள் சாப்பிடும் மீனில் விஷம் இருந்தால் என்ன ஆவது?"

"எத்தனை மீனைச் சுவை பார்த்தாய்?"

"ஒரு மீனைப் பார்த்துவிட்டு இன்னொரு மீனை நம்ப முடியுமா, மகாராஜா?"

சிங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது. அறைவதற்குக் காலைத் தூக்கினான். அப்போதுதான் கரையைப் பார்த்தான்.

அங்கே எல்லோரும் வந்து வரிசையில் நின்றிருந்தார்கள். துள்ளியின் வாயில் கடைக்குட்டி துவண்டு தொங்கியது. மீன்கள் கண்ணெதிரே குதித்தும் யாரும் ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை. ராஜா இன்னும் சாப்பிடவில்லையே! அவன் முதுகுக்குப் பின்னால், தூரத்தில், கடல் வெள்ளைக் கோடாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

சிங்கத்துக்குச் சேறான அந்தக் குட்டை நினைவுக்கு வந்தது. அன்றும் இப்படித்தான் எல்லோரும் கரையில் நின்றிருந்தார்கள். அவன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் குளித்துக்கொண்டிருந்தான்.

பெருமுழக்கன் வாயைத் திறந்தான். நரி கண்களை இறுக மூடிக்கொண்டான்.

"வாருங்கள்! எல்லோரும் சாப்பிடுங்கள்! கடல் வருகிறது, ஓடி வாருங்கள்!"

தீவே அதிர்ந்தது. அடுத்த நொடி கரை முழுவதும் ஒரே ஓட்டம். சிங்கமும் ஓடினான். ஒரு மீனைக் கவ்வி, முதலில் கடைக்குட்டியின் முன்னால் போட்டான். எல்லோரும் தின்று முடித்தபோது தண்ணீர் அவன் முழங்காலைத் தொட்டது. கடைசிக் குழியில் கிடைத்த ஒரு சின்ன மீனை அவன் தின்றான். அதைவிட ருசியாக அவன் எதையும் தின்றதில்லை.

"ராஜா ஓடலாமா?" என்று சிரித்தாள் துள்ளி.

"பசித்தால் ஓடலாம்" என்றான் சிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டு.

நாவினியனுக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். பட்டங்களையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் அவன் சாப்பிடலாம் என்று சிங்கம் சொல்லிவிட்டான். முதல் நாள் நரி எட்டாவது திசைக்கு வந்தபோது குழிகளில் மீன் இல்லை. இரண்டாம் நாள் அவன், "சிங்கம் வந்தாச்சு!" என்று ஒரே மூச்சில் கத்திவிட்டு ஓடினான். சிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு மற்றப் பட்டங்கள் எல்லாருக்கும் மறந்துபோயின.

அதன் பிறகு கடலைப் பார்ப்பதே சிங்கத்தின் வேலை ஆயிற்று. கடல் உள்வாங்கியதும் பாறைமேல் நின்று கர்ஜிப்பான். தீவின் எந்த மூலையில் தூங்கினாலும் அது காதில் விழும். யாரும் பசியோடு தூங்கிப்போகவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, காட்டிலிருந்து ஒரு மைனா பறந்து வந்தது.

"ஐயா, யானை உங்களை மன்னித்துவிட்டது. திரும்பி வந்து மறுபடி ராஜாவாக இருக்கச் சொல்கிறார்கள்."

"அங்கே இப்போது யார் முதலில் தண்ணீர் குடிக்கிறார்கள்?"

"யாருக்குத் தாகம் அதிகமோ அவர்கள்."

"அப்படியானால் உங்களுக்கு ராஜா எதற்கு? நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!" என்று சிரித்தான் சிங்கம். "யானையிடம் நான் நலம் என்று சொல். நீயும் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ. இதோ, கடல் உள்வாங்குகிறது."

அவன் அந்தத் தீவிலேயே கிழவனானான். குரல் தேய்ந்தபோது, துள்ளியின் குட்டிகள் பாறைமேல் அவன் பக்கத்தில் நின்று கூடச் சேர்ந்து கத்தின. ஒரு நாள் அவன் எழுந்திருக்கவில்லை. கடல் வழக்கம்போல் உள்வாங்கியது. கடைக்குட்டி தனியாகப் பாறைமேல் ஏறி, மூச்சை இழுத்துப் பிடித்துக் கர்ஜித்துப் பார்த்தது. கீச்சென்றுதான் வந்தது.

ஆனாலும் எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள்.

நீதி: தன் பசிக்கு முன்னால் பிறர் பசியைப் பார்ப்பவனுக்கு, மகுடம் போனாலும் மதிப்பு போகாது.