ராவணன் மீசைப் புல்

கல் வியாபாரம் பார்த்த பிச்சாண்டி அந்தக் கடலோர ஆசிரமத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது சண்டை போடத்தான். தன் லாரி போகும் வழியில் பந்தல்கால் நட்டுவிட்டார்கள் என்று வாசலில் நின்று கத்தினார்.

குரு வேலம்மை அவரைவிட இருபது வயது இளையவர். "கஞ்சி ஆறுது, உட்காருங்க ஐயா" என்றார்.

உட்கார்ந்தவர் திரும்பிப் போகவில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த ஊற்றுக்குழிக்குக் கல் கட்டிக் கிணறாக்கியவர் அவர்தான். மீனவக் குப்பம் முழுவதற்கும் அது ஒன்றுதான் நல்ல தண்ணீர்.

எட்டு வருஷம் கழித்து அதே பிச்சாண்டி மறுபடி கத்திக்கொண்டு வந்தார்.

"அம்மா, மேடு பாதிகூட இல்ல! நேத்து அலை கிணத்துக்குப் பத்தடியில வந்து நக்கிட்டுப் போச்சு. உப்பு ஏறிட்டா குப்பத்து ஜனம் எங்க போகும்?"

"மேட்டுல புல் இருந்துச்சே?"

பிச்சாண்டி தலையைச் சொறிந்தார். "ராவணன் மீசையா? வர்றவங்க காலைக் குத்துதுன்னு தை மாசமே பிடுங்கிட்டேன். முற்றம் மாதிரி சுத்தமா வெச்சிருந்தேன்."

"முற்றம்னு நெனச்சுக் காத்தும் பெருக்கிட்டுப் போயிடுச்சு."

"கேலியெல்லாம் அப்புறம். கல்லுக்குப் பேசிட்டேன். ஆளுயரச் சுவர். கடல் முட்டிப் பார்க்கட்டும், மண்டை உடையும்."

"யார் மண்டைன்னு பார்த்துடலாம். முதல்ல ஒரு கல்லைப் போடுங்க."

கிணற்று வேலையில் மிஞ்சிய பெரிய கல் ஒன்றை உருட்டிப்போய் அலை தொடும் இடத்தில் போட்டார். இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

அலை வந்து மோதியது. மோதிய கோபத்தில் கல்லின் அடியையும் பக்கங்களையும் தோண்டிக்கொண்டு திரும்பியது. பொழுது சாய்வதற்குள் கல் கழுத்துவரை புதைந்துவிட்டது. சுற்றிலும் பள்ளம்.

"இதுகிட்டப் பேரமே பேச முடியாது போலிருக்கே!" என்று பல்லைக் கடித்தார் பிச்சாண்டி.

குரு எழுந்து மேட்டின் ஓரத்துக்கு நடந்தார். பிச்சாண்டியின் கைக்குத் தப்பிய ஒரே ஒரு புல்கொத்து அங்கே நின்றது. அதன் மடியில் முழங்கால் உயரத்துக்கு மணல்.

பிச்சாண்டி குனிந்தார். காற்று ஒரு பிடி மணலை இழுத்துக்கொண்டு வந்தது. புல் வளைந்து கொடுத்தது. மணல் அங்கேயே விழுந்தது.

"இந்தச் சனியனையா நான் பிடுங்கினேன்?"

"வேரோட."

மறுநாள் படகுகள் நிற்கும் பக்கமிருந்து புல்லின் கொடிகளை வெட்டிவந்து மேட்டில் நட்டார்கள். அவை வேர் பிடிக்கும்வரை மணலைத் தாங்க, முன்னால் வரிசையாகப் பனைமட்டைகள். பிச்சாண்டி மட்டைகளை நெருக்கி ஊன்றினார். குரு பின்னாலேயே வந்து ஒன்றுவிட்டு ஒன்றைப் பிடுங்கிப் போட்டார்.

"காத்து பூந்து வருமே அம்மா!"

"வரட்டும். மணலை இங்கேயே போட்டுட்டுப் போகட்டும்."

"ஐப்பசிக்கு நாலு மாசம்கூட இல்ல. காத்தும் கடலும் கத்திக்கிட்டு வரும். வழி விட்டு நிக்கச் சொல்றீங்களே, நியாயமா?"

குரு கிணற்றடிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"கத்திக்கிட்டு வந்த ஒருத்தர் கட்டின கிணத்துத் தண்ணி, ஐயா. குடிங்க."

பிச்சாண்டி குடித்தார். நெருக்கி ஊன்றியிருந்த அடுத்த மட்டையைத் தானே பிடுங்கினார்.